நீ பார்த்துக்கொண்ட செயற்கைக்கோள்

தோழி,

அலுவலகத்தில் கன நாளாகப் பழுதாகிக் கிடந்த குளிரூட்டியை நேற்றுத்தான் வந்து திருத்திவிட்டுப் போனார்கள். இன்று காலை கணினி அறைக்குள் நுழைந்ததும் உடம்பு சிலிர்த்தது. மேசையின் கீழ் லாச்சியைத் திறந்து நீ அனுப்பிய சாம்பல் நிறச் சுவெற்றரை எடுத்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடாகியிருந்தது. தலையால் இழுத்துப் போட்டபோது, உன் வீட்டுச் சவர்க்கார மணம் கழுத்துப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதற்குமேல் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. எழும்பி வெளியே போய் மழைமானிக்குப் பக்கத்தில் சற்று நேரம் நின்றேன். கார்த்திகை பிறந்துவிட்டது. வடகிழக்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

உனக்கு எழுத ஒன்றும் இல்லை என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்த பெண்கள் எங்கள் வகுப்பில் மிகக் குறைவு. நீ மீனவர் ஊரான குருநகர், நான் வாழைத்தோட்ட ஊரான நீர்வேலி. முதல் கிழமையே ஆய்வுகூடத்தில் ஒருவன் மூக்கைச் சுளித்து மீன் மணக்கிறது என்றான். நீ வோல்ற்மானியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓம், மணக்கும். கிட்ட வராதை" என்றாய். அன்றிலிருந்து நான் உன் பக்கத்து வாங்கில்தான் இருந்தேன். என் சைக்கிள் கரியரில் வாழைப்பழச் சீப்பு வரும். உன் வீட்டிலிருந்து எனக்குத் தேத்தண்ணி வரும். எங்கள் வீடு சுத்த சைவம் என்பதால், மீன் கை படாத கோப்பை என்று உன் அம்மா எனக்கொரு கோப்பையைத் தனியாக வைத்திருந்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு கோப்பை இருக்க வழியில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

உன் அப்பா காய்ச்சலில் போனபிறகு கடலுக்குப் போனது உன் தம்பிதான். அவன் பள்ளிக்கூடத்தை விட்டதைப் பற்றி நீ அதிகம் கதைத்ததில்லை. ஒருமுறை மட்டும், பரீட்சை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது சொன்னாய். ஒரு நாள் அவன் புத்தகப் பையைக் கழுவிக் கொடியில் காயப்போட்டுவிட்டு, "அக்கா படிக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னானாம். அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லையாம். நீ ஜேர்மனிக்குப் புலமைப்பரிசில் கிடைத்துப் போன நாளில் அவன்தான் உன் பெட்டியைச் சுமந்து கொழும்பு பஸ்ஸில் ஏற்றினான். நான் வந்து நின்றது அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். பஸ் வெளிக்கிட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் இங்கே வானிலை அலுவலகத்தில் சேர்ந்தேன். நீ அங்கே படிப்பை முடித்து, வானிலைச் செயற்கைக்கோள்களை நடத்தும் கட்டுப்பாட்டு அறையொன்றில் வேலைக்குப் போனாய். உன் கைக்கு வந்த முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்ட நாளில் நீ எனக்குத் தொலைபேசி எடுத்தாய். தென்னமெரிக்கக் காட்டோரத்திலிருந்து ரொக்கெற் கிளம்பியதையும், செயற்கைக்கோள் மேலே அதிலிருந்து கழன்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உந்தி முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர் உயரத்துக்கு ஏற்றியதையும் மூச்சு விடாமல் சொன்னாய். பூமி சுற்றுகிற வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுபோல இருக்கும் என்பதைப் பாடப் புத்தகத்தில் இருவரும் சேர்ந்து படித்ததுதான். ஆனாலும் நீ சொல்லக் கேட்கும்போது புதிதாக இருந்தது. அது தன்னைத்தானே பம்பரம்போலச் சுழன்று, ஒவ்வொரு சுழற்சிக்கும் பூமியில் ஒவ்வொரு கீற்றாகப் பார்த்து, கால் மணித்தியாலத்துக்கு ஒரு முழுப் படம் அனுப்பும் என்றாய்.

நான் முதற் படம் எப்படி இருந்தது என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டாய்.

"எடி, எங்கடை அறைக்குப் படம் வாறேல்லை. எங்களுக்கு வாறது எண்ணுகள்தான். எரிபொருள் எவ்வளவு கிடக்கு, பற்றறி எப்பிடி, சுத்திற வேகம் சரியோ எண்டு பாக்கிறதுதான் என்ரை வேலை. அது என்னத்தைப் பாக்குதெண்டு அங்காலை வேறை ஆக்கள் பாப்பினம்."

முதல் சில வருடங்கள் அது ஆபிரிக்காவுக்கு மேலே நின்று ஐரோப்பாவின் மழையையும் பனியையும் பார்த்தது. பிறகு அந்த இடத்துக்குப் புதிது ஒன்று வந்தது. பழையதைக் கிழக்கே நகர்த்தி இந்து சமுத்திரத்துக்கு மேலே நிறுத்துவதென்று முடிவானது. வாரக் கணக்கில் மெல்ல மெல்ல அது மிதந்து வந்தது. நீ அதை ஒரு கலியாணச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாய். அவர்கள் பாவித்துக் கழித்ததைத்தானே எங்களுக்குத் தருவார்கள் என்று நான் குறை சொன்னேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "பழசெண்டு நினையாதை. கண் இன்னும் நல்ல கண். இனி அது என்னத்தைப் பாக்குதெண்டு நீ எனக்குச் சொல்லலாம்" என்றாய்.

அப்படித்தான் சில வருடம் போனது. என் வாழ்க்கையில் நல்ல வருடங்கள் என்றால் அவைதான். நீ அங்கே ஷிப்டில் இருக்கும்போது நான் இங்கே அதே செயற்கைக்கோளின் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சோளகக் காற்று தொடங்குகிறது, கேரளாக் கரையில் முகில் குவிந்துவிட்டது, யாழ்ப்பாணத்துக்கு ஒரு துளி மழையும் வராது என்று நான் சொல்லுவேன். நீ சின்னதாக உந்தியொன்றைத் தட்டி அதை அதன் இடத்துக்குத் திருப்பியதைச் சொல்லுவாய். குருநகர்க் கரை தெரிகிறதா என்று கேட்பாய். தெரியாது, முழுக் குடாநாடுமே விரல் நகமளவுதான் என்பேன். தெரிந்தும் அடுத்த முறையும் கேட்பாய்.

தம்பி அந்தக் காலத்தில் மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பெரிய போட் ஒன்றில் சேர்ந்திருந்தான். போனால் பல நாள் கழித்துத்தான் திரும்புவான்.

அந்தக் கார்த்திகையில் வங்காள விரிகுடாவின் தென்கிழக்கில் ஒரு தாழமுக்கம் உருவானது. அவன் அதற்கு முன்பே போய்விட்டான். நாங்கள் எச்சரிக்கை அனுப்பினோம். அது போகவேண்டிய எல்லா இடத்துக்கும் போனது. கரையிலிருந்து ரேடியோவில் கூப்பிட்டார்கள். வெளியே நின்ற போட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவனுடைய போட்டும் கேட்டது, திரும்பியது. இதை நான் உனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவையும் சொல்கிறேன். யாரும் ஒன்றையும் பிழையாகச் செய்யவில்லை. தாழமுக்கம் நாங்கள் நினைத்ததைவிட வேகமாகப் புயலானது. அவனுக்குக் கிட்ட வந்துகொண்டிருந்த இன்னொரு போட்காரர் கடைசியாக அவன் குரலைக் கேட்டார். "நாங்களும் திருப்பியிட்டம். எஞ்சின் சூடாகுது, கொஞ்சம் ஆறவிட்டிட்டு வாறம்" என்றானாம். பயந்த குரல் இல்லையாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானம் நீ கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைபேசி எடுத்தாய். பின்னால் காற்றாடிகள் இரைவது கேட்டது. யாரோ உன்னை வீட்டுக்குப் போகச் சொன்னதாகவும், நீ மறுத்துவிட்டதாகவும் பிறகுதான் அறிந்தேன். அன்றைக்குச் செயற்கைக்கோளின் நிலையைச் சரிசெய்யும் வேலை ஒன்று இருந்ததாம். அதைச் செய்தால் கொஞ்ச நேரம் படம் வராது. அதைத் தள்ளிப்போடச் சொல்லி நீ மேலதிகாரியிடம் போய் நின்றாயாம். அவரும் சம்மதித்தார். அதனால் அன்று ஒரு படமும் தவறவில்லை.

"படம் வந்திட்டுதோ?" என்று கேட்டாய்.

வந்துவிட்டது என்றேன்.

"புயலின்ரை கண் தெரியுதோ?"

"ஓம்."

"தம்பியாக்கள் கடைசியாச் சொன்ன இடம்?"

புயல் அந்த இடத்துக்கு மேலேதான் நிற்கிறது என்றேன். அந்தப் படத்தில் மூன்று நான்கு கிலோமீற்றர் கடல் சேர்ந்து ஒரு புள்ளி. அது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

"தெரியும்" என்றாய். "ஆனாலும் பார்."

பார்த்தேன். கால் மணிக்கொரு படம் வந்தது. வெள்ளைச் சுருளை எவ்வளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தாலும் அது வெள்ளைச் சதுரங்களாகத்தான் உடைந்தது. நீ தொலைபேசியை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. உன் எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. என் படங்கள் எல்லாம் தெளிவாக இருந்தன. அதில் எதுவும் அவனுக்கு உதவவில்லை.

அடுத்த நாள் புயல் கரையேறியது. நீர்வேலியில் அப்பாவின் வாழைத்தோட்டம் ஒரு மரமும் மிஞ்சாமல் படுத்துவிட்டது. அப்பா வரம்பில் குந்தியிருந்தார். எனக்கு அதைப் பார்த்து அழுகை வரவில்லை. வாழை மறுபடி குட்டி போடும் என்றுதான் தோன்றியது.

கடற்படையும் தேடியது, போட்காரரும் தேடினார்கள். ஒரு மிதவை கிடைத்தது. அது எந்தப் போட்டுடையது என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. நீ வந்து இறங்கினாய். உன் அம்மா வாசற்படியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, அழாமல், கணக்குக் கேட்பதுபோலக் கேட்டார். "உன்ரை செற்றலைற் எல்லாத்தையும் பாக்குமெண்டு சொன்னியே பிள்ளை. அவன் எங்கையெண்டு அதிலை பாத்தனியோ?"

நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறோம் அம்மா, கண்டால் சொல்கிறோம் என்று நீதான் கடைசியில் சொன்னாய். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? பங்குத்தந்தை வந்து இறந்தவர்களுக்கான பூசையைப் பற்றி மெதுவாகக் கதையெடுத்தபோது, அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். உள்ளே இருந்து, "காணாத பிள்ளைக்குப் பூசை வைக்கேலாது" என்ற குரல் மட்டும் வந்தது.

நீ திரும்பிப் போனபிறகு ஞாயிறு தோறும் நான் குருநகருக்குப் போகத் தொடங்கினேன். அம்மா கோயிலால் வந்து எனக்காகக் காத்திருப்பார். என் கைத்தொலைபேசியில் அன்றைய படத்தைத் திறந்து காட்டவேண்டும். இது இந்தியா, இது நாங்கள், இது கடல் என்று நான் காட்டுவேன். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கடலை மட்டும் பார்ப்பார். முகில் இல்லாத நாளில் அவர் முகம் கொஞ்சம் தெளியும். இண்டைக்கு நல்லாத் தெரியுது என்பார். முகில் மூடிய நாளில், அடுத்த கிழமை பார்ப்போம் என்பார். உனக்கு இதைச் சொன்னபோது நீ, காட்டு, நிப்பாட்டாதே என்றாய். உன் சம்பளத்தில் வாங்கிய மூக்குக்கண்ணாடி அது.

செயற்கைக்கோளுக்கும் வயது போய்க்கொண்டிருந்தது. எரிபொருள் குறைந்துவிட்டதால் அதைத் தெற்கு வடக்காக ஆடாமல் நிறுத்துவதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு நாளும் அது பூமத்திய ரேகைக்கு மேலும் கீழும் எட்டுப் போட்டபடி ஆடியது. அதன் பின்னால் தரையிலிருந்த தட்டு அன்ரனாவும் ஆடவேண்டியிருந்தது. மிச்ச எரிபொருளைத் தொடக்கூடாது என்றாய். முற்றாக முடிந்துபோனால் அது அந்த இடத்திலேயே செத்து, மற்றவற்றின் பாதையில் குறுக்கே கிடக்கும். கடைசியாக அதை மேலே தள்ளிவிடுவதற்கென்று ஒரு பங்கை முதல் நாளே ஒதுக்கி வைத்திருந்தார்களாம்.

அந்தச் சம்பாஷணையின் முடிவில்தான், வேறு எதையோ சொல்வதுபோல, உன் வயிற்றில் கட்டி இருப்பதைச் சொன்னாய். வெட்டி எடுக்க முடியாத இடமாம். மருந்து ஏற்றுகிறார்களாம். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்றாய்.

செயற்கைக்கோளை ஓய்வுக்கு அனுப்பும் கிழமையில் உனக்கு வேலைக்குப் போகவே உடம்பு இடம்கொடுக்கவில்லை. ஆனாலும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாய். முதலில் கமராவை நிறுத்தினீர்கள். அதன் கடைசிப் படம் என் திரைக்கு வந்தது. சாதாரண படம்தான், அரபிக் கடலில் கொஞ்சம் முகில், எங்கள் பக்கம் வெறும் கடல். அடுத்த கால் மணிக்கு அதற்குப் பதிலாக வந்த இன்னொரு செயற்கைக்கோளின் படம் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதுவும் வேறிடத்தில் உழைத்துப் பழசாகி வந்ததுதான். என்னைத் தவிர அந்த அறையில் யாரும் மாற்றத்தைக் கவனிக்கவில்லை.

பிறகு சில நாட்களாக அதைக் கட்டம் கட்டமாக மேலே உந்தியதையும், எரிபொருள் தாங்கியில் மிஞ்சியதை வெளியே விட்டு வெறுமையாக்கியதையும், பற்றறியை ஓயவிட்டதையும் நீ சொல்லிக்கொண்டு வந்தாய். கடைசிக் கட்டளையை உன்னையே அனுப்பச் சொன்னார்கள். அதன் குரலை நிறுத்தும் கட்டளை அது. திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு அப்படியே இரைச்சலாகிவிட்டதாம். யாரும் கைதட்டவில்லையாம். ஒருவர் மட்டும் எழும்பிக் கதவைத் திறந்து வெளியே போனாராம்.

இனி அது எப்போது விழும் என்று கேட்டேன். "விழாதடி" என்றாய். உன் குரல் நன்றாக இறங்கியிருந்தது. "விழுந்து எரிஞ்சாலும் ஒரு முடிவு. இது அங்கையே கிடந்து சுத்தும். ஒருத்தருக்கும் கேக்காது, ஒருத்தரையும் பாக்காது." கொஞ்சம் பொறுத்து, "அது நிண்டுபோச்செண்டு அம்மாட்டைச் சொல்லாதை" என்றாய்.

சொல்லவில்லை. அம்மாவுக்கு ஞாயிறு தோறும் படம் வந்துகொண்டேதான் இருந்தது.

உன்னைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாத நாளும் வந்தது. நீ போய்விட்டாய் என்பதை நானும் பங்குத்தந்தையும் சேர்ந்து போய்ச் சொன்னோம். அம்மா கால் ஏலாதவர்; விசா, விமானம் எதற்கும் நேரம் இருக்கவில்லை. உன்னை அடக்கம் செய்வதை என் கைத்தொலைபேசியில்தான் பார்த்தார். உன்னோடு வேலை செய்தவர்கள் கறுத்த கோட்டுகளோடு நின்றார்கள். அவர்களுடைய மொழியில் செபம் போனது. பனி மெல்ல விழுந்துகொண்டிருந்தது. அம்மா அதையெல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "பிள்ளைக்குக் குளிருக்கு ஏதும் போட்டுவிட்டவையோ?"

ஓம் என்றேன். எனக்குத் தெரியாது. ஆனால் ஓம் என்றேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையிடம் போனார். உனக்குப் பூசை ஒப்புக்கொடுப்பதைப் பற்றி அவர் கதைக்கத் தொடங்க, அம்மா இடைமறித்தார். "தம்பிக்கும் சேத்து வையுங்கோ சுவாமி" என்றார். சுவாமி குறிப்பேட்டைத் திறந்து அவன் பெயரையும் எழுதிக்கொண்டார். பிறகு, சரியம்மா என்றார். அந்தப் பூசையில் உன் பெயருக்குப் பிறகு அவன் பெயரையும் வாசித்தார்கள். நான் சைவக்காரி, எப்போது எழும்புவது எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் கடைசி வாங்கில் நின்றேன். அவன் பெயர் கேட்டதும் முன்வரிசையில் அம்மாவின் தோள் ஒருதரம் இறங்கியது. புயலுக்குப் பிறகு இத்தனை வருடமாகத் தூக்கி வைத்திருந்த தோள்கள் அவை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் வழமைபோலப் போனேன். அன்று கடலில் ஒரு முகிலும் இல்லை. அப்படித் தெளிவான படம் மாதத்தில் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். பழக்கத்தில் திறந்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மா வாங்கவில்லை. என் கையை மெதுவாக மடக்கி, தொலைபேசியை முகம் குப்புற வாங்கில் வைத்தார்.

"வேண்டாம் பிள்ளை" என்றார். "தேத்தண்ணி ஆறுது, குடி."

குடித்தேன். மீன் விலையைப் பற்றிக் கதைத்தோம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கலியாணத்தைப் பற்றிக் கதைத்தோம். இப்போதும் ஞாயிறு தோறும் போகிறேன். அவர் கேட்பதில்லை, நான் காட்டுவதில்லை.

இன்று காலை திரும்பி உள்ளே வந்தபோது புதுப் படம் வந்திருந்தது. தென்கிழக்கில் முகில் மறுபடி வட்டம் கட்டத் தொடங்கியிருக்கிறது. எச்சரிக்கையை எழுதி அனுப்பினேன். போகவேண்டிய இடங்களுக்கெல்லாம் போனது. மயிலிட்டியிலிருந்து வெளியே நிற்கும் போட்டுகளின் விபரம் கேட்டு அறிந்தேன். யார் யார் திரும்புவார்கள், யாருடைய எஞ்சின் வழியில் சூடாகும் என்பது இந்தப் படத்தில் இல்லை. அது ஒருநாளும் இருந்ததில்லை.

படத்தில் என்ன தெரிகிறது என்று கேட்க எனக்கு இருந்தது இரண்டு பேர். ஒருத்தி நீ. மற்றவர் உன் அம்மா. இனி யாருக்கும் சொல்லத் தேவையில்லாத கடலை, கால் மணிக்கொருதரம், நான் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.